நமது கடைத்தெரு சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும் குடியிருப்போருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்றும் நடந்தது.

ஆண்டின் பெரும்பகுதி நம் தெருவின் சீரமைப்பு தொடர்பான வேலையிலேயே கழிந்தது. வடிகால் ஓடை கட்டி, நடைபாதைக்குக் கல் பாவி முடித்தபின், வண்டிகளை எங்கே நிறுத்துவது, இருக்கைகளை எங்கே போடுவது என்பது குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பதாக அறிவிப்பு வந்தது. அதை எழுத்தில் திரட்டித் தருவோம் என்று நான் முன்மொழிந்தேன், குழுவும் இசைந்தது. பொருளாளரும் நானும் படிவங்களுடன் கடை கடையாகவும் மாடி வீடுகள்தோறும் ஏறி இறங்கினோம்.

கடை முன்னே வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதே பெரும்பாலோரின் கோரிக்கை. எனவே ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் இரவு வரை தெருவோரம் நின்று, எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்தேன். வாடிக்கையாளர் வண்டிகள் பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் கிளம்பிவிட்டன. கடை திறந்தது முதல் ஷட்டர் இறக்கும்வரை அசையாமல் நின்றவை நம்முடைய வண்டிகளும் நம் பணியாளர்களின் வண்டிகளுமே. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக்குகள் நிற்கும். ஆகவே கடைமுன் இடம் வாடிக்கையாளரின் இருசக்கர வாகனங்களுக்கும் சரக்கு இறக்குவதற்கும் என்றும், நம் வண்டிகள் பின்சந்தில் நிற்கட்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். இதனால் என்மீது வருத்தம் கொண்டவர்கள் உண்டு. அந்தக் குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இருக்கை போட்டால் வேண்டாதவர்கள் வந்து படுப்பார்கள் என்று பலர் அஞ்சினர். ஆனால் பூதப்பாண்டிப் பக்கமிருந்து மருந்து வாங்க வந்த பாட்டியம்மா ஒருவர், மாதிரிக்குப் போட்டிருந்த கல் பெஞ்சில் நண்பகல் 12 மணிக்குக் கைவைத்துப் பார்த்து, சூடு தாளாமல் விலகி, கடையோரத்துக் காலிச் சோடாப் பெட்டியில் உட்கார்ந்ததை நான் கண்டேன். வழிப்போக்கருக்கு வழியம்பலமும் தலைச்சுமை இறக்கச் சுமைதாங்கிக் கல்லும் வைத்த குமரி மண் இது; தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் மாவட்டமும்கூட. ஆகவே இருக்கைக்குச் சாய்மானமும், முதியவர் ஊன்றி எழக் கைப்பிடியும், மேலே நிழலும் கேட்டோம். இருக்கை போக 1.8 மீட்டராவது நடக்க இடம் விட வேண்டும் என்றும், தோவாளைப் பூ விற்கும் பெண்களை 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படியான நகர விற்பனைக் குழுவைக் கேளாமல் அகற்றக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும், கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று நம் சங்கத்திலிருந்து வந்தவர்கள் 11 பேர் மட்டுமே. மறுநாள் என் கடைக்கு வந்து குறை சொன்னவர்கள் அதைவிட அதிகம். கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தால் அது பதிவாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் இருக்கிறது. ஆண்டுச் சந்தாவும் பாதிக்கு மேல் நிலுவையில் உள்ளது. படிவம் அச்சிட்ட செலவு இன்னும் முழுமையாக ஈடாகவில்லை. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன; விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், குழுவினர், இடம் தந்த மண்டப உரிமையாளர் அனைவருக்கும் நன்றி.

இருக்கைகளின் இடம் இன்னும் இறுதியாகவில்லை. கூட்டம் முடிந்ததும் தெருவை அளந்து குறிக்கச் செல்கிறேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவரும், சந்தா ரசீதுப் புத்தகத்துடன் ஒருவரும் என்னுடன் வந்தால், வரும் ஆண்டும் இப்பொறுப்பில் தொடர எனக்குத் தயக்கமில்லை.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்