22.4 எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வெளியான வேதியியல் மாதிரி விடைகளைப் படித்தேன். 20 லிட்டர் புரோப்பேன் வாயு முழுமையாக எரிய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கில், 20ஐ, ஒரு மோல் வாயுவின் கனஅளவாகக் கொள்ளப்படும் 22.4 லிட்டரால் வகுத்து மோலாக்கி (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு), ஐந்தால் பெருக்கி, மறுபடியும் 22.4ஆல் பெருக்கி, 100 லிட்டர் என்று விடை தந்திருந்தார்கள். விடை சரி. அதற்குச் சென்ற வழி மாணவர்களுக்கு ஒரு தவறான பழக்கத்தை ஏற்படுத்திவிடும் என்பதே என் கவலை.

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ 1811இல் கூறினார். எனவே சமன்செய்த சமன்பாட்டில் ஒரு மோல் புரோப்பேனுக்கு ஐந்து மோல் ஆக்சிஜன் என்றிருந்தால், 20 லிட்டருக்கு 100 லிட்டர் என்று நேராகவே எழுதிவிடலாம். வாயுக்கள் எளிய முழு எண் கனஅளவு விகிதத்தில் வினைபுரிகின்றன என்பதை, மோல் என்ற அலகே இல்லாத 1808இல், பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் அளந்து பார்த்தே அறிவித்துவிட்டார்.

22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு. புரோப்பேன் கணக்கில் அதனால் வகுத்து அதனாலேயே பெருக்குவதால், நிலைமை வேறாக இருந்தாலும் பிழை வெளியே தெரியாமல் போகிறது. அதே பழக்கத்தோடு மாணவர், 10 கிராம் கால்சியம் கார்பனேட் அமிலத்தில் முழுவதும் கரையும்போது 27 டிகிரியில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிட்டால் 2.24 லிட்டர் என்றே எழுதுவார். 1 வளிமண்டல அழுத்தத்தில் சரியான விடை ஏறத்தாழ 2.46 லிட்டர், இங்கே பிழையை மறைக்க எதுவும் இல்லை. அழுத்தத்தை, 1 வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைவான 1 பார் என்று கொண்டால் 0 டிகிரியிலேயே ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.7 லிட்டர் ஆகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே விடையில் 80 லிட்டர் நீர் உண்டாகும் என்றும் இருந்தது. நீராவியாகவே நிற்கும் அளவு வெப்பநிலை இருந்தால்தான் அது பொருந்தும். 27 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீரின் பெரும்பகுதி திரவமாகி, 60 மில்லிலிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். விகிதத்தைக் கனஅளவாகப் படிப்பது வாயுக்களுக்கு மட்டுமே உரியது என்ற எச்சரிக்கை விடையில் எங்குமே இல்லை.

இனி வெளியிடும் வாயுக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, அழுத்தம், நீர் எந்த நிலையில் உள்ளது ஆகியவற்றைக் குறிப்பிடுமாறும், மேற்கண்ட விடைக்குத் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்