உன் டாக்டர் சொன்ன ‘ரன்’

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஈப்போவில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே திருச்சியில் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் வாட்டுகிறது. போன வாரம் சத்திரம் பஸ் நிலையத்தில் நம் ஹாஸ்டல் மெஸ் மாஸ்டரின் மகனைப் பார்த்தேன். அவனே அடையாளம் கண்டு வந்து பேசினான், உன்னையும் விசாரித்தான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ‘யூ ஆர் ரன் டவுன்’ என்றார், எதையோ மறைக்கிறாரோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தாயே. அது வியாதியின் பெயர் இல்லையடா. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் சாவிக் கடிகாரம் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வாரத்துக்கு ஒரு தடவை நாற்காலி போட்டு ஏறி, சாவி கொடுப்பார். மறந்துவிட்டால் ஊசலின் ஆட்டம் குறைந்து குறைந்து, ‘டிக்’ சத்தம் தேய்ந்து, நின்றுவிடும். அப்படி நின்ற கடிகாரத்தை ஆங்கிலத்தில் ‘ரன் டவுன்’ என்பார்கள். சார்ஜ் தீர்ந்த பேட்டரிக்கும் அதே சொல்தான். ஓய்வில்லாமல் உழைத்து உடம்பு ஓய்ந்துபோன ஆளுக்கும் அதேதான். டாக்டர் சொன்னது இந்த மூன்றாவது.

இந்த ‘ரன்’ இப்போது என் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, சாயங்காலம் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறாள். நோட்டில் ‘ரன்’ என்று தலைப்பிட்டு, கீழே நாற்பது அர்த்தங்கள் நம்பர் போட்டு எழுதியிருந்தாள். மனப்பாடம் செய்யச் சொன்னார்களாம். பார்த்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. நாற்பதை உருப்போட்டால் தீர்ந்துவிடுமா? ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989-ஆம் வருஷத்துப் பதிப்பில் அதிக அர்த்தங்கள் இருந்தது ‘செட்’ என்ற வினைக்கு, 430. 2011-இல் ‘ரன்’னைத் திருத்தி எழுதியபோது அது 645 ஆகி எல்லாவற்றையும் முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார்.

நோட்டை மூடச் சொன்னேன். தமிழில் எதெல்லாம் ஓடும், சொல்லு என்றேன். ஆறு ஓடும், பஸ் ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும் என்று அடுக்கினாள். அத்தனைக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான் என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆறு ஓடுவதெல்லாம் காலால் ஓடுவதிலிருந்து பின்னால் வந்த அர்த்தம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பழைய ஆங்கிலத்திலேயே ஓடுவதற்கும் நீர் பாய்வதற்கும் அது ஒரே சொல். அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘ரின்னன்’ இன்றைக்கும் நீர் வழிந்து ஓடுவதைத்தான் குறிக்கிறது. குழாயும் மூக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆவது அதனால்தான்.

அவள் தடுமாறியது வேறு இடத்தில். ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதை ‘அவள் பள்ளிக்கு ஓடுகிறாள்’ என்று எழுதியிருந்தாள். நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. நட வேறு, நடத்து வேறு. ஒற்று இரட்டித்தோ ‘த்து’ கூடியோ நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் தானாக ஓடுவதும் ‘ரன்’, பிறர் ஓட்டுவதும், அந்தப் பள்ளியைப் போல நடத்துவதும் ‘ரன்’. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டதும் நாற்பதில் பத்துப் பன்னிரண்டை அவளே அடித்துவிட்டாள்.

அப்புறம் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. கிரிக்கெட் பைத்தியம் அவள். “ரன் அவுட் ஆனா பால் எப்படி சார் தீரும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மட்டைக்காரர் ஓடும்போது அவுட் ஆகிறார், இங்கே கையிருப்பு ஓடியே காலியாகிவிட்டது. பின்னால் ‘ஆஃப்’ வந்தால் ஏதோ தீர்ந்துபோனது என்று வைத்துக்கொள் என்றேன். மறுநாள் வாசலில் நின்றபடியே, “சார், எங்க வீட்டுல கேஸ் ரன் அவுட்!” என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேர்தலைப் பற்றிச் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் தேர்தலில் ‘நிற்கிறார்’. நாமும் நிற்கிறோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வெறிபிடித்துக் கண்மண் தெரியாமல் தாக்குவதை ஆங்கிலத்தில் ‘ரன் அமோக்’ என்கிறார்கள் அல்லவா? அந்த ‘அமோக்’ உங்கள் ஊர் மலாய்ச் சொல்தான், ‘அமுக்’. உன் ஆபீஸ் மலாய் நண்பர்கள் அன்றாடப் பேச்சில் அதை எங்கே, எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கடிகாரம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. இதை எழுத உட்காரும் முன்தான் சாவி கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது. நீ பத்து நாளாவது லீவு போட்டுத் தூங்கு. லீவு கிடைத்ததா என்பதை முதல் வரியில் எழுது.

உன் பழைய அறைத்தோழன்