வள்ளியம்மையோடு சுரங்கத் தொழிலாளரையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்க இந்தியர்களின் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் விட்டபோது அவருக்கு வயது 16. அதே ஆண்டு, ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கிய இந்தியர்கள் மீதான மூன்று பவுன் வரி நீங்கியது, நம் இந்தியத் திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. ஆனால் அந்தச் சாவுதான் சட்டத்தை மாற்றியது என்று கட்டுரை முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

1913இல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நம் பெண்கள் எல்லை தாண்டி, நேட்டால் மாகாணத்தின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். அவர்கள் சொல்லைக் கேட்டுத்தான் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒப்பந்தக் கூலி மாதம் பத்துச் சில்லிங்கில் தொடங்கிய காலம் அது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத குடும்பத்தில் ஆணும் பெண்ணும், 13 வயது மகளும்கூட, தலைக்கு மூன்று பவுன், அதாவது அறுபது சில்லிங், ஆண்டுதோறும் கட்ட வேண்டும்! வயிற்றைக் கட்டினாலும் எங்கே மிஞ்சும்? வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் எஸ்பரன்சாவிலும் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் மாண்டனர்.

வள்ளியம்மையின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெண்களே சிறைக்குப் போகிறார்கள் என்ற சேதிதான் பலரை உசுப்பியது. ஆனால் அரசைப் பணிய வைத்தது, கூலியை இழந்து பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானோரின் உறுதி. ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டீன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மைக்கும், அவருக்கு முன்பே போராட்டத்தில் சிறை சென்று உயிர் விட்ட நாகப்பனுக்கும் நினைவுக் கல் இருக்கிறது. தோட்டங்களில் சுடப்பட்டவர்களின் பெயர்களையும் தாங்கள் வெளியிட வேண்டும். நம் தமிழ்ப் பள்ளிகளிலும் அவற்றைச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்