இடம் கொடுத்தவர்களுக்கும் கூட்டிப்போனவர்களுக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். லண்டன், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பாரிஸ் என்று பெரிய நகரங்களில் புதிதாக எழும்பியிருக்கும் சபைகளைப் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் நல்ல சுகத்தோடு பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். உதவினவர்களிடம் போனில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று மனசு கேட்கிறது. அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் ஆலயங்கள் காலியாகிவிட்டன, விற்கிறார்கள் என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதே நகரங்களில் கோடவுனிலும் சினிமா தியேட்டரிலும் அடுத்தவர் ஆலயத்திலும் புதுச் சபைகள் கூடுவதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. அதைக் கண்ணால் காண வேண்டும் என்றுதான் புறப்பட்டோம்.

முதல் நன்றி, எங்கள் மகளோடு வேலை பார்க்கும் நைஜீரிய நர்ஸ் அம்மாவுக்கு. இரவு டியூட்டி முடித்த கையோடு, ஒரு கண் தூக்கம்கூட இல்லாமல், எங்களைத் தெற்கு லண்டனில் ஓல்ட் கென்ட் ரோடு பக்கம் கூட்டிப்போனார்கள். அது சதக் பகுதி. அந்த ஒரு பகுதியில் மட்டும் கறுப்பின மக்களின் சபைகள் 240 இருப்பதாக ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகம் 2013இல் கணக்கெடுத்துச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார் ரிப்பேர் கடை, அதை ஒட்டி இரும்பு ஷட்டர், மேலே ஒரு சின்ன போர்டு. ஷட்டருக்குப் பின்னால் போனால் சிவப்புக் கம்பளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, டிரம்ஸ், பட்டுப் போலத் தலைக்கட்டு கட்டின தாய்மார்கள். மூலையில் ஒரு அக்கா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களின் பெயரையும் ஜெபக் குறிப்பையும் எழுதிக்கொள்கிறார். என் கணவரின் முழங்கால் வலியும் அதில் ஏறியது. ஆராதனையின் நடுவில் அதைச் சொல்லி ஜெபித்தார்கள். இதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

அதே தெருப்பக்கம் வெள்ளை அங்கி உடுத்திய செலஸ்டியல் சபையாரையும் பார்த்தோம். 1947இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் பிறந்த சபை அது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறார்கள். நம் கிராமத்து ஆலயங்களிலும் அதுதானே வழக்கம்! குளிர்காலத்திலும் அப்படித்தானா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள்.

இந்தச் சபைகளுக்குப் பெரிய பாடு இடம்தான். கோடவுனை ஆலயமாக மாற்ற நகராட்சி அனுமதி வேண்டும். சத்தம், பார்க்கிங் என்று அக்கம்பக்கத்தில் புகார் வரும். இப்போது அந்த வட்டாரத்தில் அடுக்குமாடித் திட்டங்களும் வருவதால், எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்ற கவலை வேறு. அவர்களுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம் தமிழ்ச் சபையாருக்கு அடுத்த நன்றி. அவர்களில் பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் போனவர்கள். காலையில் ஆங்கிலேயர் ஆராதனை நடக்கும் பழைய ஆங்கிலிக்கன் ஆலயத்தில் மதியத்துக்கு மேல் தமிழ் ஆராதனை. அந்த ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, பாட்டுப் புத்தகங்களையும் அடுக்கி வைத்துவிடுகிறார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் கீர்த்தனை தொடங்கினால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். ஐயா, உங்களுக்குக் கோடி நன்றி. ஆராதனைக்குப் பிறகு இடியப்பமும் சொதியும் வைத்த அக்காமாருக்கும் நன்றி. யாழ்ப்பாணச் சொதி நம் திருநெல்வேலிச் சொதி மாதிரி இல்லை. ஆனால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

லண்டனிலேயே ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில், கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா வகுப்பில் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் நன்றி. 1977இல் அந்த ஆலயத்தில் தொடங்கின வகுப்பு இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. முதலில் சாப்பாடு, பிறகு ஒரு பேச்சு, அப்புறம் வட்டமாக உட்கார்ந்து யாரும் எதையும் கேட்கலாம். எங்கள் மேசையில் ஒரு பையன், "எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது" என்றான். யாரும் பதறவில்லை, வசனத்தை எடுத்து அவன்மேல் வீசவும் இல்லை. "சரி, ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கிறவரை காது கொடுத்தார்கள். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தின எனக்கு இது பெரிய பாடம். மூடப்போகிற ஆலயத்துக்கு ஒரு சின்னக் குழுவை அனுப்பி மறுபடி உயிர்ப்பிப்பதும் இந்தச் சபையின் வழக்கம். 2009இல் பிரைட்டனின் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தை அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் எங்களை வழிநடத்தின கானா நாட்டு மூப்பருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஊரின் தென்கிழக்கில் பைல்மர் என்று உயரமான குடியிருப்புகள் நிறைந்த பகுதி. கானாவிலிருந்தும் சூரினாமிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் அங்கேதான் குடியேறினார்கள். வாடகைக்கு வேறு இடம் கிடைக்காமல், அந்தக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடங்களில் சபை கூடின காலத்தைப் பற்றி மூப்பர் சொன்னார். மேலே வண்டி போனால் கீழே பிரசங்கம் கேட்காதாம், போதகர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வாராம். பழைய கட்டடங்களை இடித்துப் புதுப்பித்தபோது அந்த இடங்களும் போய்விட்டன. இப்போது தெ கண்டெலார் என்ற ஒரே கட்டடத்தைப் பல சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. ஒரு கூடத்தில் கானா மொழிப் பாட்டு, பக்கத்துக் கூடத்தில் டச்சில் ஜெபம். ஒரு சபையார் முடித்து வெளியே வரும்போது, அடுத்த சபையார் பிள்ளைகளோடு வராந்தாவில் காத்து நிற்கிறார்கள். சண்டை வராதா என்றேன். "வரும். ஆனால் சாவி ஒன்றுதான், அதனால் சமாதானமும் ஆகிவிடும்" என்றார்.

1992 அக்டோபர் 4 அன்று ஒரு சரக்கு விமானம் அங்கே குடியிருப்பின்மேல் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் தப்பி நின்ற ஒரு மரத்தை இன்றும் காத்து வருகிறார்கள். மூப்பர் எங்களை அங்கே கூட்டிப்போய் ஜெபித்தார். அந்த நாட்களில் சவ அடக்கம் செய்து, மிச்சமானவர்களுக்குச் சோறு போட்டு, ஆறுதல் சொன்ன சபைகளைப் பற்றிச் சொன்னபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

பெர்லினில் இரண்டு சபைகள். ஒன்று, 1929இல் திறந்த பாபிலோன் தியேட்டரில் கூடும் இளைஞர் சபை. அங்கே சாமான் இறக்கி ஏற்றுகிற பிள்ளைகள் எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள், நன்றி. ஜெர்மனியில் பெரிய சபைகளின் அங்கத்தினரிடம் சபை வரி பிடிப்பார்கள், பெர்லினில் அது வருமான வரியில் 9 சதவீதம். இந்த மாதிரிப் புதுச் சபைகளுக்கு அது கிடையாது, காணிக்கைதான். கைப்பிடி அரிசி ஒதுக்கி ஊழியத்தைத் தாங்கின நம் பாட்டிமாருக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1903இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் வரைக்கும் ஆள் அனுப்பினது வெளிநாட்டுப் பணத்தில் இல்லை.

இன்னொன்று ஸ்டெக்லிட்ஸில் உள்ள லுத்தரன் சபை. ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தஞ்சம் தேடி வந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். ஆராதனை ஜெர்மனிலும் பாரசீகத்திலும். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்த ஈரானியத் தம்பியை நான் தினமும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பினால் விசுவாசத்துக்காகச் சிறைக்குப் போக நேரலாம். ஜெர்மனியிலோ, இந்த விசுவாசம் நிஜம்தானா என்று அதிகாரிகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். வீட்டில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாரிசில் கொஞ்ச நேரம்தான் இருந்தோம். லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைக்காரர் ஒருவர் கடையை மூடிவிட்டு ரயில்வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தார். அந்த அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

பிரிட்டனுக்கு ஒரு விசா, மற்ற நாடுகளுக்கு ஷெங்கன் விசா என்று இரண்டுக்கும் காகிதம் சேர்த்துக் கொடுத்த எங்கள் பழைய மாணவனுக்கும், வீட்டுக்குக் காவலிருந்து கோழிகளுக்குத் தீனி போட்ட எதிர்வீட்டு மதினிக்கும் மிக்க நன்றி.

கடைசியாக, நம் ஊர்ச் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியாருக்கு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மொழியில் ஆராதிக்க இடமில்லாமல், தங்கியிருக்கும் தகரக் கொட்டகையிலேயே கூடுவதைப் பற்றி ஊர் வந்ததும் நம் போதகர் ஐயர் அவர்களிடம் பேசினேன். கமிட்டியில் ஒரே கூட்டத்தில் சம்மதித்து, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கதவு திறந்து விளக்குப் போட்டு வைக்கிறேன் என்று தானாகவே முன்வந்த, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கும், முதல் வாரம் டீயும் சுண்டலும் என் பொறுப்பு என்று சொன்ன பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி.

கர்த்தருக்குள்,
பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்