செத்தை தங்கிய உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலை ஓடையோரம் நடந்துபோய்க் கூடாரம் அடித்து இரவு தங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். என்ன ஷூ, எவ்வளவு பெரிய பை, எந்த டார்ச் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தீர்கள். ராத்திரி எந்த இடத்தில் படுப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. படத்தில் கூடாரம் நிற்பதோ ஓடை மணலில். அதைப் பார்த்ததும் மனசு பதறித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் பெயரே ஆற்றங்கரை. மலையிலிருந்து 258 கிலோமீட்டர் வரும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து மிச்சமிருந்தால்தான் எங்களிடம் வந்து கடலைத் தொடும். அந்தத் தண்ணீர் மலையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பது, நாற்பது வருஷம் கடலுக்குப் போன என் சித்தப்பாவின் ஆசை. போன ஐப்பசியில் அவரையும் கூட்டிக்கொண்டு, பெரியகுளத்துக்கு மேலே, வராக நதி வழியாக வைகைக்கு வந்து சேரும் ஓடை ஒன்றுக்குப் போனோம். தனியார் தோட்டத்துக்குள் ஒரு ராத்திரி தங்கல். ஏற்பாடு செய்தவர்கள் வேறு ஆட்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேராக அழைத்துப் போனார்கள்.

சாயங்காலம் ஓடை நடுவே திட்டாகக் கிடந்த வெள்ளை மணலில் கூடாரங்களை அடித்தார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், கணுக்கால் அளவுதான். சித்தப்பா மட்டும் உட்காரவில்லை. கரைப் புதர் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். அவர் இடுப்பு உயரத்தில், கிளைகளுக்குள் காய்ந்த இலையும் புல்லும் சுள்ளியும் பின்னிக்கொண்டு கிடந்தன, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து.

“தம்பி, இந்தச் செத்தை இம்புட்டு உயரத்துக்கு எப்படி வந்துச்சு?” என்று அழைத்துவந்தவர்களில் ஒருவரிடம் கேட்டார்.

“அது எப்பவோ வந்த வெள்ளத்துலங்கய்யா. இன்னைக்கு வானம் வெளுத்துத்தான் கெடக்கு.”

எங்கள் கடற்கரையில் ஓதம் ஏறி வற்றினால் பாசியும் செத்தையும் ஒதுங்கிக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே வலையைக்கூடப் போட்டுவைக்க மாட்டோம். சித்தப்பா ஒன்றும் பேசாமல் எங்கள் கூடாரத்தைப் பிடுங்கி, செத்தைக்கு இரண்டு ஆள் உயரம் மேலே இருந்த மேட்டுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வந்தார். மற்றவர்கள் மணலிலேயே படுத்தார்கள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம். ஒரு தூறல் இல்லை. ஓடையின் சத்தம் மட்டும் மாறியிருந்தது. சலசலப்பு போய், கல் உருளும் சத்தம். கூடவே சேற்று வாடை. சித்தப்பா டார்ச் அடித்தார், குச்சியைக் காணோம். கத்திக்கொண்டே இறங்கி ஓடி எல்லோரையும் எழுப்பி மேலே ஏற்றினோம். மூன்று பைகளும் ஒரு அடுப்பும் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. விடிந்து பார்த்தால் மணல் திட்டு இருந்த இடத்தில் டீ நிறத்தில் வெள்ளம். அன்றே மத்தியானம் பாதி வடிந்தும் விட்டது. முந்தின சாயங்காலம் மேலே கொடைக்கானல் பக்கம் நல்ல மழையாம்.

மலையில் பாறையும் சரிவுமாக இருப்பதால் மழைத் தண்ணீர் அதிகம் உறிஞ்சப்படாமல் அப்படியே இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் வெயில் அடிக்கும்போதே வனத்துறை குளிக்கத் தடை போடுவது இதனால்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பட்டப்பகலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை இழந்தோம். தூங்குகிறவனுக்கு அந்தச் சில நிமிஷமும் கிடையாது.

முகாம் நடத்துகிறவர்கள் தங்கும் இடத்து வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேல்மலையில் மழையா என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்களை ஏற்ற வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சாமானை எடுக்க நிற்காமல், ஓடையோரமாகவே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போகவே கூடாது. எங்களோடு வந்த ஒரு பிள்ளை பையை எடுக்கத் திரும்பியது. சித்தப்பா கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அதன் வளையல் உடைந்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் எங்கே படுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். செத்தை சிக்கிய அந்தப் புதரை வெளிச்சம் இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆற்றங்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.