இரவு இரண்டு மணிக்கு வரும் அழைப்பு

அன்புக் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "அம்மா, உங்கள் ஷாப்பிங் சேனல் இன்னும் எத்தனை நாள் ஓடும், மூடுவதற்குள் நீயே வெளியே வந்துவிடேன்" என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன் மேல் கோபமெல்லாம் இல்லை. இருபத்தொரு வருஷமாகச் செய்கிற வேலை, போனைக் காதில் வைத்துக்கொண்டே பதில் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் எனக்குக் கொஞ்சம் தெளிவாக வரும். நீளமாகத்தான் போகும், வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி.

நீ சொன்னதில் பாதி சரி என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். டிவியில் பொருளைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்களிடம் ஆர்டர் எடுக்க நான் சேர்ந்தபோது ஒரு ஷிஃப்டுக்கு நூறு பேருக்கு மேல் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கூட்டம் அதிகமான நாளில் நாற்காலி கிடைக்காது. இப்போது இரவு ஷிஃப்டில் ஒன்பது பேர். ஆர்டரில் பெரும்பகுதி ஆப் வழியாக வந்துவிடுகிறது, மிச்சத்திலும் பாதியைப் பதிவு செய்த குரலே எடுத்துக்கொள்கிறது. அழைக்கிறவர்களின் வயதும் எங்கள் வயதோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சின்ன வயசுக் குரல் கேட்பதே அபூர்வம்.

"எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள், அதனால்தான்" என்றாய். அது ஒரு காரணம். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த பெரிய காரணம் ரிமோட்டில் இருக்கிறது. பெரிய சேனல்களுக்குக் கேபிள்காரர் பணம் கொடுப்பார், எங்களை மாதிரிச் சேனலுக்குத் தலைகீழ், நாங்கள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும், கட்டணமாகவோ விற்பனையில் ஒரு பங்காகவோ. எந்தச் சேனல் எண்ணில் உட்கார்கிறோம் என்பதற்காகத்தான் அந்தப் பணம். இரண்டு பெரிய சேனலுக்கு நடுவில் ஒரு எண் கிடைத்துவிட்டால் போதும். தொடரில் விளம்பரம் போட்டதும் ஆள் ரிமோட்டை அமுக்குவார், அடுத்த சேனலுக்குப் போகிற வழியில் மூன்று நான்கு நொடி எங்கள் திரை தெரியும், அந்த நேரத்தில் தரையில் கொட்டிய மை ஒரே இழுப்பில் காணாமல் போனால் ரிமோட்டில் இருக்கும் கை அப்படியே நின்றுவிடும். எங்கள் பிழைப்பு முழுவதும் அந்த நின்றுபோன கையால்தான் நடந்தது. பழகிப்போன வாடிக்கையாளர்களைத் தவிர, ஷாப்பிங் சேனல் பார்க்கலாம் என்று நினைத்து டிவியைப் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. இப்போது டிவியைப் போட்டால் ஆப்களின் படம் வரிசையாக வந்து நிற்கிறது, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் எங்களைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. ஆள் நடமாட்டம் நின்றுபோன தெருவில் கடை வைத்திருப்பது போல ஆகிவிட்டது, அதுவும் வாடகை மட்டும் குறையாத கடை.

வாடகையைப் பெரிதுபடுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தென் கொரியாவுக்கு இந்த வியாபாரம் 1995-இல் வந்தது, அங்கே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2023-இல் அந்தக் கம்பெனிகள் கேபிளுக்கும் மற்ற டிவி நிறுவனங்களுக்கும் கட்டிய ஒளிபரப்புக் கட்டணம், அவர்களுடைய ஒளிபரப்பு வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நூறு வந்தால் எழுபது அந்த எண்ணுக்கே போய்விடுகிறது, அப்புறம் எதை வைத்துச் சம்பளம் கொடுப்பது?

அமெரிக்காவில்தான் இது பிறந்தது, அங்கேயும் இதே கதை. கியூவிசி, எச்எஸ்என் இரண்டும் அங்கே பெரிய ஷாப்பிங் சேனல்கள். கியூவிசியின் தாய் நிறுவனம் 2017 கடைசியில் எச்எஸ்என்னையும் முழுதாக வாங்கி இரண்டு பெரிய போட்டியாளர்களையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் வட கரோலினாவில் இருந்த அவர்களுடைய பெரிய கிடங்கு தீயில் போனது, அதில் ஒரு தொழிலாளி உயிரையும் விட்டார். 2025-இல் புளோரிடாவில் இருந்த எச்எஸ்என் வளாகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பென்சில்வேனியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள், சுமார் 900 பேருக்கு வேலை போனது. இந்தச் செய்திகளை நான் இடைவேளையில் போனில் படித்துவிட்டுத் திரும்பவும் ஹெட்செட்டை மாட்டுவேன், அந்த 900 பேரில் என் மேசை மாதிரி மேசையில் இருந்தவர்கள் எத்தனை பேரோ என்று மனசு ஓடும். நட்சத்திரங்களை வைத்தும் முயன்று பார்த்தார்கள், அக்‌ஷய் குமார் சேர்ந்து இந்தியாவில் 2015-இல் தொடங்கிய பெஸ்ட் டீல் டிவி என்ற ஷாப்பிங் சேனல் அடுத்த வருஷமே நின்றுவிட்டது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் வெளியே வராமல் இருக்கிறாய் என்பாய்.

இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. 1977, புளோரிடாவில் ஒரு சின்ன வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்தவரிடம் கட்டப் பணம் இல்லை, அதற்குப் பதிலாக 112 டப்பா திறப்பான்களைக் கொடுத்தார். நிலையத்தின் உரிமையாளர் லோவல் பாக்ஸன், நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த பாப் சர்க்கோஸ்டாவிடம் அதை நேரலையில் விற்கச் சொன்னார். அத்தனையும் விற்றுப்போனது. பார்க்கவே முடியாத வானொலியில், ஒருவருடைய வாய்ச்சொல்லை நம்பி முகம் தெரியாதவர்கள் வாங்கினார்கள். அதிலிருந்து 1982-இல் உள்ளூர்க் கேபிள் சேனல், 1985-இல் நாடு முழுக்க, அதுதான் எச்எஸ்என். 1986-இல் கியூவிசி வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த முதல் நாள்தான். டிவி பின்னால் வந்தது, கேபிள் எண் அதற்கும் பின்னால் வந்தது.

1992-இல் ஜாய் மங்கானோ என்ற பெண் தான் கண்டுபிடித்த மாப்பைக் கியூவிசிக்குக் கொண்டுவந்தார். முதலில் சேனல்காரர்களே காட்டினார்கள், சரியாகப் போகவில்லை. நானே காட்டுகிறேன் என்று கேட்டு வந்து நின்றார், அரை மணி நேரத்துக்குள் 18,000 மாப் விற்றது. அதே மாப், அதே சேனல். தான் எதற்காக அதைச் செய்தோம் என்று தெரிந்தவள் தன் கையால் பிழிந்து காட்டியதும் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஸ்டூடியோவிலும் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காதில் மாட்டியிருக்கும் கருவியில் தயாரிப்பாளர் நிமிஷத்துக்கு நிமிஷம் விற்பனைக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருப்பார், தொகுப்பாளர் அதைக் கேட்டுக்கொண்டே சிரிப்பு மாறாமல் பேச வேண்டும், ஆனால் விற்பனை மேலே ஏறுவது பெரும்பாலும் அவர் சத்தத்தைக் கூட்டும்போது இல்லை, பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டும்போது. தையல் எப்படி இருக்கிறது, மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, எடை எவ்வளவு, கை நடுங்குகிறவரால் அழுத்த முடியுமா. இணையத்தில் நூறு படமும் ஆயிரம் கருத்தும் இருந்தும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எங்களை அழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் உன்னிடம் நல்லதை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

இரவு இரண்டு மணிக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பொருள் எண்ணைச் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்க மாட்டார்கள். தூக்கம் வரவில்லை என்பார்கள், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்பார்கள். எங்களுக்கு ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிஷம்தான் என்று கணக்கு, ஆர்டர் முடிந்ததும் 'இதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டே ஆக வேண்டும் என்றும் விதி. ஒரு அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை என் ஷிஃப்டில் வருவார், என் குரல் தெரியும் அவருக்கு. நானும் விதிப்படி கேட்பேன், அவரும் சரி சரி என்று சேர்த்துக்கொள்வார். ஒருநாள் அவருடைய மகள் அழைத்தாள். வீட்டில் ஒரு அறை நிறையப் பிரிக்காத பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் எங்கள் சேனல் பெயர். அவள் கத்தவில்லை கண்ணு, அழுதாள். அதில் எத்தனை பெட்டி நான் 'சேர்த்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டதால் போனது என்று எனக்குத் தெரியும், அந்த மாதங்களில் எனக்கு வந்த ஊக்கத்தொகையும் நினைவிருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் தாண்டிய பெட்டிகளையும் எடுக்கச் சொல்லி மூன்று வாரம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன், பாதிதான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாராவது அடிக்கடி அழைத்தால், போன வாரம் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆர்டரை எழுதுவேன். இதற்காக ஒருமுறை எழுத்தில் எச்சரிக்கையும் வாங்கியிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, அப்போது உனக்குப் பரீட்சை.

சேனல் மூடிவிட்டால் இந்தப் பெட்டிகளும் நின்றுவிடும் என்று நினைக்கிறாயா? வேறு திரைக்குப் போய்விட்டது. சீனாவில் 2016-இல் தாவ்பாவ் என்ற ஆன்லைன் கடை தன் ஆப்பிலேயே நேரலையில் விற்பதைத் தொடங்கியது, 2021 அக்டோபரில் லி ஜியாச்சி என்ற விற்பனையாளர் ஒரே நாள் நேரலையில் நூறு கோடி டாலருக்கும் மேல் விற்றார். கீழே எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவசரப்படுத்துவது, எல்லாம் நாங்கள் செய்ததுதான், கைபேசி என்பதால் திரை நிமிர்ந்து நிற்கிறது. கியூவிசியே 2025-இல் டிக்டாக்கோடு சேர்ந்து நாள் முழுக்க நேரலை தொடங்கியது. அதற்காக அது நிச்சயமான வழி என்றும் சொல்ல மாட்டேன், பேஸ்புக் தன் நேரலை விற்பனையை 2022 அக்டோபரிலும் இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சிலும் நிறுத்திவிட்டன. அங்கே வாடகைக்குப் பதில், யார் கண்ணில் காட்டுவது என்று ஆப் முடிவு செய்கிறது. கேபிளில் பேரம் பேசக் கேபிள்காரர் என்று ஒரு ஆளாவது இருந்தார்.

இப்போது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். போன மாதம் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார்கள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடலாம், இல்லையென்றால் கைபேசி நேரலைக்குப் புதிதாகப் போடும் சின்னக் குழுவில் சேரலாம், அங்கே புதுப் பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குவதும் வாரம் ஒருமுறை நானே பொருளைக் காட்டுவதும் வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஒரு வருஷத்துக்குத்தான் உறுதி, அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். நீ முதல் வழியைத்தான் எடுக்கச் சொல்வாய். உன் கவலை எனக்குப் புரிகிறது, அந்தத் தொகை வேண்டாத தொகையும் இல்லை. நான் இரண்டாவதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போடுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டேன். நேரலைத் திரையில் ஒரு போன் எண் இருக்க வேண்டும், அதை மனிதர்தான் எடுக்க வேண்டும், ஆப் பழகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றேன். ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அடிக்கடி வாங்குகிறவருக்கு அடுத்த பொருளைத் தள்ளிவிடும் விதி என் குழுவில் வேண்டாம் என்றேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டாலும் பழக்கும்போது என் பிள்ளைகளுக்கு நான் வேறு மாதிரிதான் சொல்லிக்கொடுப்பேன். இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் இருக்கிறான், குரல் அருமையாக இருக்கிறது, ஆனால் பொருளைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்கிறான், மேசையில் வைத்துச் சுட்டிக்காட்டியே பேசுகிறான். அவனை முதலில் ஒரு வாரம் ரிட்டர்ன் வந்த பெட்டிகளைப் பிரிக்க உட்கார வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஏன் திரும்பி வந்தது என்று சீட்டில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லி. நேற்று மாலை அவனாகவே வந்து "அம்மா, பாதிப் பேர் 'நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள்" என்றான்.

வருகிற செவ்வாய் என் முதல் நேரலை. உனக்கு அது அலுவலக நேரம், தெரியும், பதிவைப் பிறகு பார். எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டாம். நான் எங்கேயாவது அவசரப்படுத்திப் பேசினேனா, போன் எண் எழுத்து கண்ணாடி போடாதவருக்குத் தெரிகிற அளவுக்கு இருந்ததா, இந்த இரண்டை மட்டும் பார்த்துச் சொல். இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

உன் அம்மா