37-ஆவது தாள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். என் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

ரப்பர்த் தோட்டத்துச் சொற்களுக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் தயாரிக்கும் நான்கு பக்கத் தாளை நிறுத்திவிடலாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் 36 தாள்கள் வந்துவிட்டன. பக்கத்துக்கு 10 காசு வீதம் 40 பிரதி நகலெடுக்க 16 வெள்ளிதான் ஆகிறது என்பதால், பணத்தைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. சென்ற முறை மூன்று உறைகள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றின்மேல், தாத்தா இறந்துவிட்டார் என்று மலாயில் எழுதியிருந்தது. படித்துவிட்டு ஒரு வார்த்தையாவது சொல்கிறவர்கள் உன்னோடு சேர்த்து 11 பேர். வாத்துக் கதை வந்த தாளைத் தவிர வேறு எதையும் முழுதாகப் படிக்காத உன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்பது வேறு விஷயம்.

நம் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1948 ஜூன் 16-ஆம் நாள் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதை எழுதுகிறார்கள். அவசரகாலம் வந்ததை எழுதுகிறார்கள். அன்று விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, போய் நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதவில்லை. பக்கத்தில் கோலகங்சாரில், 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று என்று சொல்லி ஒரு பால்மரத்தை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் உங்கள் கோலசிலாங்கூர் மேல்தான். பிறகு நம் பால்மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனையை, அந்த எண்ணெய்ப் பனையை, 1917-இல் நம் நாட்டில் வணிகப் பயிராக முதலில் நட்டது அங்கேதானே! தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அப்போதே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நிறுத்துவதாக முடிவு செய்து, அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆயக்கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) பாட்டியைப் பார்க்கப் போனேன். பேத்தி படித்துக் காட்ட, பாட்டி 36-ஆவது தாளை ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "கோப்பைன்னு எழுதியிருக்கியே, கோப்பையில தேத்தண்ணிதான் குடிப்பாங்க. மங்குன்னு எழுது" என்று, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு குடையின் பிடியைப் பால்வெட்டும் உளியாகவும் வாசல் தூணை மரமாகவும் வைத்துக்கொண்டு, பட்டையில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை முதலில் நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பது, மங்கை விரலால் வழிப்பது, பிறகு இடமிருந்து வலமாகச் சரிவாக வெட்டுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். வெட்டு ஆழமாகி மரத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும் என்று சொல்லும்போது, அந்தத் தூணுக்கே வலித்துவிடும் என்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டார். எண்பதைத் தாண்டிய அந்தக் கை நடுங்கவே இல்லை, நண்பா. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அதற்காக, மறுபடியும் உற்சாகம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே. 40 பேர் படிக்கிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்வதை விட்டுவிட்டு, இனி 11 பிரதி மட்டும், பாட்டி பேத்தியின் உதவியின்றித் தானே படிக்கும்படி பெரிய எழுத்தில் போடலாம் என்றிருக்கிறேன். நான்கு பக்கத்தில் பாதிச் செய்திதான் அடங்கும். இருக்கட்டும், பாதியாவது பிழையில்லாமல் வரும்.

உன் அப்பா மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து உளி தீட்டுவாரே, அந்தச் சின்னக் கல்லை வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்? பாட்டி ஒரு பெயர் சொல்கிறார், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுப் பெரியவன் வேறு சொல்கிறான். உன் அம்மாவிடம் கேட்டு உடனே எழுது. அதற்காகத்தான் 37-ஆவது தாள் காத்திருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய லயத்து நண்பன்